உப்பு போனால்தான் பெயின்ட் நிற்கும்: பழைய தூண்டில் ரீலை வீட்டில் புதுப்பிப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் சென்னை காசிமேட்டுப் பக்கம் போனால் படகுகளைச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் நாள்கணக்கில் சுரண்டல்தான். பழைய ரீலுக்கு வண்ணம் அடிக்க நினைப்பவர்கள் ஒரு காலை நேரம் போய் அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது. ரீல் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். முறை அதேதான்.

நான் முதன்முதலில் கைவைத்தது பெரியப்பாவின் ஸ்பின்னிங் ரீலில். கப்பலில் வேலை பார்த்த காலத்தில் அவர் வாங்கி வந்தது. ராயபுரம் வீட்டுப் பரணில் பல வருடம் கிடந்தது. பெயின்ட் உரிந்த இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அதைத் துணியால் துடைத்துவிட்டு, மேலாக உப்புத்தாள் போட்டு, கருப்பு ஸ்பிரே அடித்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, திருகாணிகளைச் சுற்றி முத்து முத்தாகக் கொப்புளம் கிளம்பியது. ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே அதே வெள்ளைப் பொடி.

அலுமினியம் இரும்பைப் போலச் செந்துரு பிடிக்காது. உப்புத்தண்ணீர் பட்டால் வெள்ளையாகப் பூக்கும். ரீலின் உடம்பு அலுமினிய வார்ப்பு, திருகாணி எஃகு. இரண்டுக்கும் நடுவே உப்புத்தண்ணீர் தங்கினால் அந்த இடம் சின்ன பேட்டரியைப் போல வேலை செய்யும், கரைவது அலுமினியம். அதனால்தான் திருகாணி ஓரத்திலும், ராடில் மாட்டும் கால் பகுதியிலும் முதலில் பெயின்ட் தூக்குகிறது. அரித்த குழிக்குள் அந்தப் பூப்பு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் அதிலிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை கோட் பூசினாலும் உள்ளிருந்து தள்ளிவிடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே இந்த வேலையில் பாதிக்கு மேல் கழுவுவதும் தேய்ப்பதும்தான். பெயின்ட் அடிப்பது அதற்கப்புறம்தான்.

எந்த ரீலில் கைவைக்கலாம்

அலுமினிய உடம்பும் அதன்மேல் பெயின்ட்டும் இருந்த ரீல்தான் புதியவர்களுக்குச் சரியானது. காந்தம் ஒட்டாது, நகத்தால் தட்டினால் உலோகச் சத்தம் வரும். இன்று வரும் பல ரீல்களின் உடம்பு கிராஃபைட் கலந்த பிளாஸ்டிக். அதில் சாதாரண பிரைமர் பிடிக்காது, தின்னர் பட்டால் கெட்டுவிடும். அப்படியானதைக் கழுவி, கிரீஸ் மாற்றிப் பயன்படுத்துங்கள், போதும்.

குரோம் முலாம் போட்ட வளையங்கள், தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும் சாயமேற்றிய அலுமினிய ஸ்பூல், நரம்பை அதன்மேல் வழிநடத்தும் வளைந்த பெயில் கம்பி, பேக்கலைட் பக்கத் தட்டுகள் எதிலும் பெயின்ட் வேண்டாம். முக்கியமாக ஸ்பூலின் உதடு. நரம்பு உரசிக்கொண்டே போகும் இடம் அது. அங்கே பெயின்ட் சொரசொரப்பாக இருந்தால் எறியும் தூரம் குறையும், நரம்பும் அறுபடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1932இல் பிலடெல்பியாவில் ஓட்டோ ஹென்ஸ் தொடங்கிய பென் கம்பெனியின் பழைய ரீல், பிரான்ஸின் மிட்செல், ஸ்வீடனின் ஆபு போன்றவை உங்கள் கைக்கு வந்து, அதன் அசல் வண்ணம் முக்கால்வாசி நன்றாகவே இருந்தால் தொடாதீர்கள். சேகரிப்பவர்கள் அசல் வண்ணத்துக்குத்தான் விலை கொடுப்பார்கள். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தத் தேய்மானம் யாரோ ஒருவருடைய கை பட்டு வந்தது. அதை நிற்க விடுவது என் பழக்கம். உலோகமே அரித்துப்போகிற நிலையில் இருந்தால் மட்டும் பெயின்ட் அடியுங்கள்.

கழற்றுவது

முதல் வேலை, செல்போனை எடுத்து எல்லாப் பக்கமும் படம் பிடிப்பது. அப்புறம் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றியபின் ஒரு படம். வாஷரின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது மறுநாள் நினைவில் இருக்காது.

கழற்றியதை வைக்கப் பல்லாங்குழிப் பலகையைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. 14 குழி. முதல் குழியில் கைப்பிடி, அடுத்ததில் ஸ்பூலும் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பகுதி) வாஷர்களும், அதற்கடுத்து ஸ்பூலைச் சுற்றிச் சுழலும் ரோட்டரின் நட்டு என்று வரிசையாக வைத்துக்கொண்டு போனால், பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து திரும்பி வரலாம். குழிகளில் காகிதம் போட்டுக்கொள்ளுங்கள், கிரீஸ் பட்டால் பாட்டி திட்டுவார். பலகை இல்லாத வீட்டில் முட்டை அட்டை.

ஸ்குரூடிரைவர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஜப்பான் ரீல்களின் கூட்டல் குறித் திருகாணிகள் ஜிஸ் என்ற அளவுமுறையில் வெட்டப்பட்டவை. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவர் அதில் முழுசாக உட்காராது; அழுத்தித் திருப்பினால் ஏறி வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். பழைய அமெரிக்க ரீல்களில் பெரும்பாலும் ஒற்றைக் கோட்டுத் திருகாணி. அந்தக் கோட்டின் அகலத்துக்கும் தடிமனுக்கும் பொருந்தும் முனையாகப் பார்த்து எடுங்கள்.

இறுகிப்போன திருகாணிதான் புதியவர்களின் பொறுமையைச் சோதிக்கும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாளும் அசையாவிட்டால் சால்டரிங் அயர்னின் முனையைத் திருகாணித் தலையில் ஒரு நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் விட்டுத் திருப்புங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். விரிந்து சுருங்கும்போது நடுவில் கட்டியிருந்த பூப்பு உடையும், எண்ணெய் உள்ளே இறங்கும். எண்ணெயில் தீப்பிடிக்காதபடி சூடு காட்டும் முன் நன்றாகத் துடைத்துவிடுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரு திருகு அசையவே இல்லை என்றால், அது இடப்பக்க மரையாக இருக்குமோ என்று ஒரு தடவை யோசியுங்கள். சில ரீல்களின் கைப்பிடியிலும் ரோட்டர் நட்டிலும் மரை எதிர்த்திசையில் இருக்கும்.

பெயில் ஸ்பிரிங் இருக்கும் மூடியைத் திறக்கும்போது ரீலையும் கையையும் ஒரு பெரிய பாலித்தீன் பைக்குள் விட்டுக்கொண்டு திறங்கள். தெறித்தால் பைக்குள்ளேயே விழும். பழைய மாடலுக்கு அந்த ஸ்பிரிங் மறுபடி கிடைக்காது.

கழுவுவது

பழைய கிரீஸை முதலில் துணியால் வழித்தெடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் பிரஷ். உப்பு தண்ணீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. இதைத் தெரியாமல் பலர் எல்லாவற்றையும் பெட்ரோலில் போட்டு ஊறவைத்துவிட்டு, கிரீஸ் போய்விட்டதால் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் பெட்ரோல் வைத்துக் கழுவுவது ஆபத்து என்பது தனி. கிரீஸுக்கும் சோப்பு போதும். அடம்பிடிக்கும் பிசுக்குக்கும் பேரிங்குகளுக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கிக்கொள்ளுங்கள். ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்கிறார்கள். அதுவும் தீப்பிடிக்கும், அடுப்படியில் வேண்டாம்.

எந்தத் தண்ணீரில் அலசுவது என்பதைச் சென்னைக்காரர்கள் யோசிக்க வேண்டும். கடற்கரையோரப் பகுதிகளில் பல வீட்டு போர் தண்ணீரே உப்பு. அதில் அலசினால் எடுத்த உப்பைத் திரும்ப வைத்ததாகிவிடும். மெட்ரோ தண்ணீரில் அலசுங்கள். கடைசி அலசலுக்கு நான் ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து, துணியில் வடிகட்டி வைத்துக்கொள்கிறேன். காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுகிற தண்ணீர் அது, உப்பு இருக்காது. உடம்புப் பாகங்களை அதில் ஒரு இரவு மூழ்கவிட்டு, காலையில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி இன்னொரு முறை ஊறவிட்டால், குழிகளுக்குள் இருக்கும் உப்பும் இறங்கிவிடும்.

பித்தளை கியரில் பச்சை படிந்திருந்தால் புளி. குத்துவிளக்கு தேய்ப்பது போலத்தான். பல்லிடுக்குகளை பிரஷால் தேய்த்து, உடனே அலசி, துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் காயவையுங்கள். அலுமினியத்தில் வெள்ளைப் பூப்பு கெட்டியாக இருந்தால் வினிகரைப் பஞ்சில் தொட்டு வைத்து, பத்து நிமிடத்தில் தேய்த்து அலசிவிடுங்கள். அதற்கு மேல் விட்டால் நல்ல உலோகத்தையும் தின்ன ஆரம்பிக்கும்.

இரண்டு பொருட்களைக் கிட்டவே கொண்டுவராதீர்கள். ஒன்று காஸ்டிக் சோடா, அது கலந்த அடைப்பு நீக்கும் பொடியும்தான். அலுமினியத்தை நுரைத்துக் கரைக்கும், தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். இன்னொன்று பாத்ரூம் கழுவும் ஆசிட். அலுமினியம், குரோம் இரண்டையும் ஒரே நாளில் பாழாக்கிவிடும்.

பழைய பெயின்ட்டை எடுப்பது

பெயின்ட் ரிமூவர் வாங்கினால் கையுறை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் வைத்துப் பூசுங்கள். அதன் ஆவியை அறைக்குள் சுவாசிக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாகம் ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது, உருகிவிடும். பெயின்ட் சுருண்டு எழும்பியதும் மரக்குச்சியால் வழித்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

பிறகு எமரி. 240 நம்பரில் ஆரம்பித்து 400, அப்புறம் 600. எல்லாமே தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. குழிகளுக்குள் எமரி போகாது, அங்கே பித்தளைக் கம்பி பிரஷ். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, அந்தப் புள்ளிகளிலிருந்தே அரிப்பு தொடங்கும். குழியின் அடியில் வெள்ளை போய், வெளிறிய சாம்பல் நிறத்தில் பளிச்சென்று உலோகம் தெரிகிறவரை விடாதீர்கள். சில குழிகளுக்கு ஊசி முனைதான் வேலைக்கு ஆகும். நான் ஒரு ரீலின் காலில் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன். வருத்தமில்லை, அந்த ரீலில் இன்றுவரை கொப்புளம் இல்லை.

ஆழமான குழியை எம்சீல் வைத்து நிரப்பலாம். நன்றாகக் காய்ந்தபின் சமமாகத் தேயுங்கள். மெல்லிய கீறல்களுக்கு கார் பெயின்டர்கள் பயன்படுத்தும் பட்டி போதும். அது பிரைமருக்கு மேல் வர வேண்டும், வெறும் உலோகத்தின் மேல் அல்ல.

மறைக்க வேண்டிய இடங்கள்

பேரிங் உட்காரும் குழி, மரைத் துளைகள், மெயின் ஷாஃப்ட் போகும் வழி, பக்கமூடி உடம்போடு சேரும் விளிம்பு. இந்த நான்கிலும் ஒரு பொட்டு பெயின்ட் விழக்கூடாது. விளிம்பில் பெயின்ட் ஏறினால் மூடி அந்தத் தடிமன் அளவுக்கு வெளியே தள்ளி நிற்கும், கியர் பற்கள் ஒன்றோடொன்று கடிக்கும் இடைவெளி மாறும், சுற்றும்போது கரகரக்கும். பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) செய்யலாமா என்று கேட்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். அது வழக்கமாக 60 முதல் 80 மைக்ரான் தடிமன் வரும், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி. கைவண்டிக்கும் கேட்டுக்கும் அருமையானது, சின்ன ரீலுக்கு மறைக்கும் வேலை கச்சிதமாக இல்லாவிட்டால் தொந்தரவு.

விளிம்புகளுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி பிளேடால் ஓரம் வெட்டுங்கள். துளைகளுக்குப் பல்குச்சி, பேரிங் குழிக்கு வட்டமாக வெட்டிய தெர்மக்கோலுக்குப் பதில் சுருட்டிய காகிதம். ஸ்பிரே பட்டால் தெர்மக்கோல் கரைந்துவிடும்.

எப்போது அடிப்பது

ஐப்பசி, கார்த்திகையில் அடிக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் லேக்கர் வகைப் பெயின்ட் காயும்போது அதன் மேல் பனி படிந்தது போல வெள்ளைத் திரை வந்துவிடும். மாசி, பங்குனி, சித்திரை நல்ல மாதங்கள். வெயில் நாளில்கூட விடியற்காலையில் ஈரம் அதிகம். நண்பகல் வாக்கில் கடற்காற்று கிளம்பினால் உப்பும் தூசியும் சேர்ந்து வரும். இரண்டுக்கும் நடுவே, 9 மணியிலிருந்து 11 மணி வரை, என் கணக்கில் சரியான நேரம். நேரடி வெயிலில் வைத்து அடிக்க வேண்டாம். சூடான உலோகத்தில் பெயின்ட் பரவுவதற்குள் காய்ந்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகிவிடும். மாடிப்படி நிழல் போதும்.

பிரைமரும் வண்ணமும்

ஹார்டுவேர் கடையில் பிரைமர் என்று கேட்டால் பழக்கத்தில் ரெட் ஆக்சைடை எடுத்துக் கொடுப்பார்கள். அது இரும்புக்கானது. அலுமினியத்துக்கு வாஷ் பிரைமர் என்று கேளுங்கள், சிலர் எட்ச் பிரைமர் என்பார்கள். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கமும் புதுப்பேட்டையிலும் வண்டி பெயின்ட் விற்கும் கடைகளில் விசாரிக்கலாம். அதிலிருக்கும் அமிலம் உலோகத்தை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்ளும்.

எமரி போட்ட அன்றே பிரைமர் அடித்துவிட வேண்டும்; தேய்த்த அலுமினியம் காற்றில் உடனே ஆக்சைடு படலம் போர்த்திக்கொள்ளும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்தபிறகு விரல் படக்கூடாது, கையின் வியர்வையே உப்பு. துளை ஒன்றில் கம்பியைக் கோத்துத் தொங்கவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு அடியுங்கள். வாஷ் பிரைமர் ஒரே ஒரு மெல்லிய கோட், உலோகம் உள்ளே மங்கலாகத் தெரிய வேண்டும். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் கழித்து அதன்மேல் சாம்பல் பிரைமர் இரண்டு கோட். காய்ந்ததும் 600 எமரியால் தண்ணீர் தொட்டு இதமாகத் தேய்த்து, மறுபடி ஏ.சி. தண்ணீரில் அலசிக் காயவையுங்கள்.

வண்ணத்தை 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, கையை நகர்த்திக்கொண்டே அடியுங்கள். ரீலுக்கு வெளியே பொத்தானை அழுத்தி, ரீலைக் கடந்து, வெளியே போய் விட வேண்டும். முதல் கோட் தூவல் மாதிரி இருந்தால் போதும். ஒரே கோட்டில் மூட நினைத்தால் வழியும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு அடுத்தது, அப்படி மூன்று கோட்.

வெவ்வேறு வகைகளைக் கலக்காதீர்கள். ஸ்பிரே டப்பாக்கள் பெரும்பாலும் லேக்கர் வகை. கேட்டுக்கு அடிக்கும் சிந்தெடிக் எனாமல் மேல் லேக்கரை அடித்தால் தோல் சுருங்குவது போலச் சுருங்கிவிடும். பிரைமர், வண்ணம், மேலே பூசும் நிறமற்ற கிளியர் மூன்றையும் ஒரே கம்பெனியில் வாங்கினால் இந்தக் கவலை இல்லை. உடம்பில் புடைத்திருக்கும் பெயர் எழுத்துகளை மெல்லிய தூரிகையால் ஃபெவிக்ரில் தொட்டு நிரப்பி, ஒரு நாள் காயவிட்டு, அதன்மேல் கிளியர் இரண்டு கோட்.

உப்பைத் தாங்குவதில் ஹார்ட்னர் கலக்கும் கார் கிளியர்தான் சிறந்தது. ஆனால் அதில் நுரையீரலுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது, சாதாரண முகக்கவசம் போட்டுக்கொண்டு வீட்டில் அடிக்கக் கூடாது. உங்கள் ஏரியாவில் பைக் டேங்க் பெயின்ட் அடிப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு டேங்குக்குக் கலக்கும்போது உங்கள் ரீலையும் பக்கத்தில் தொங்கவிட்டு அடித்துத் தரலாம். மறைப்பதையும் தேய்ப்பதையும் மட்டும் நீங்களே செய்து கொண்டுபோங்கள். அரிக்கும் இடம் எது, பெயின்ட் படக்கூடாத இடம் எது என்பது தூண்டில் போடுபவருக்குத்தான் தெரியும்.

காய்ந்துகொண்டிருக்கும் பாகங்களைக் காலி அரிசி டிரம்முக்குள் தொங்கவிட்டு மூடியைச் சாய்த்து வையுங்கள். தூசி, எறும்பு அண்டாது. அரை மணியில் கையில் ஒட்டாது, அதை நம்பிப் பூட்டிவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறதா என்று உள்பக்க ஓரத்தில் பாருங்கள்.

பூட்டுவது

பெயின்ட் படாத உள்சுவர் முழுக்க கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள், உப்பு உள்ளே வந்தாலும் உலோகத்தைத் தொடாது. கியருக்குத் தண்ணீர் தாங்கும் கிரீஸ், பேரிங்குக்கும் லைன் ரோலருக்கும் (பெயில் ஓரத்தில் நரம்பு உருளும் சின்ன உருளை) ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகிவிடும். ஆல்கஹாலில் கழுவிய பிறகும் கரகரக்கும் பேரிங்கைத் தூக்கிப் போடுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதிக்கொண்டு பாரிமுனைப் பக்கம் பேரிங் கடைகளுக்குப் போனால் பொதுவான அளவுகள் கிடைக்கும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லிக் கேளுங்கள்.

கைப்பிடி பின்னால் சுற்றாமல் தடுக்கும் உருளை கிளட்ச் இருந்தால் அதற்குள் கிரீஸ் போகவே கூடாது, வழுக்கும். திருகாணி ஒவ்வொன்றின் மரையிலும் கொஞ்சம் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். எஃகுக்கும் அலுமினியத்துக்கும் நடுவே உப்புத்தண்ணீர் இறங்காமல் அது தடுக்கும், அடுத்த முறை கழற்ற சால்டரிங் அயர்ன் தேவைப்படாது. புதுப் பெயின்ட் மேல் திருகாணித் தலை கடித்துச் செதில் எழும்பாமல் இருக்க, கடைசிக் கால் சுற்றைக் கையை இளக்கி மெதுவாகத் திருப்புங்கள்.

நரம்பை ஸ்பூலின் உதட்டுக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி சுற்றினால் போதும். ஒற்றை இழைத் தங்கூஸ் ஆனாலும் பின்னிய பிரெய்டு ஆனாலும் அதே அளவு. முதல் முறை முட்டுக்காடு உப்பங்கழிக்கோ பட்டினப்பாக்கம் கரைக்கோ போய்விட்டு வந்ததும், டிராக்கை இறுக்கிவிட்டு மெல்லிய தண்ணீர்த் தூவலில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பை உள்ளே தள்ளிவிடும். துடைத்து, நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்தி வையுங்கள்.

மிச்சமான வண்ணத்தைக் கொஞ்சம் ஒரு காலி நெயில் பாலிஷ் பாட்டிலுக்குள் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். மூடியிலேயே பிரஷ் இருக்கும். பாறையில் உரசி எங்காவது வெள்ளி தெரிந்தால், வீட்டுக்கு வந்து கழுவிக் காயவைத்து, அன்று இரவே ஒரு தொடு தொட்டுவிடலாம்.